முன்பக்கம், பின்பக்கம்

மார்க்கம் பக்கத்தில் ஒரு கலியாண மண்டபம். சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் இருந்த பெடியன், வீட்டுக் கடன் ஒழுங்கு செய்து கொடுக்கிற தொழிலில் இருப்பதாகச் சொன்னான். "காட் ஒண்டு தாங்கோ தம்பி" என்றேன். அவன் போனை எடுத்து, அதில் ஒரு கறுப்பு வெள்ளைச் சதுரத்தைக் காட்டி, "ஸ்கான் பண்ணுங்கோ அங்கிள்" என்றான். என் கை ஏற்கனவே நீண்டுவிட்டது. பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து வெறும் காற்றை உரசிக்கொண்டிருந்தன. அச்சகத்தில் வேலை செய்தவனை விட்டுப் போகாத பழக்கம் அது. யார் காட் தந்தாலும் பெயரை வாசிக்க முன்னம் மட்டையின் தடிப்பைத்தான் பார்ப்போம். பன்னிரண்டு பொயின்றா, பதினாலா, மேற்பூச்சு பளபளப்பா, மங்கலா, வெட்டு நேராக விழுந்திருக்கிறதா என்று விரலே சொல்லிவிடும். அன்றைக்கு விரலுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை. இராத்திரி வீட்டுக்கு வந்தும் பழைய கடையின் நினைவு விடவில்லை.

நான் அந்தக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில். 1983 கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோவுக்கு வந்த எங்கள் சனம், வெல்லெஸ்லி, பார்லிமென்ற் சந்தியைச் சுற்றியிருந்த மாடிக் கட்டடங்களை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக ஸ்காபரோவுக்கு நகர்ந்துகொண்டிருந்த காலம். 1986 இல் நியூஃபவுண்லாந்துக்கு அப்பால் கடலில் உயிர்காப்புப் படகுகளிலிருந்து 155 தமிழர் மீட்கப்பட்ட செய்தி எல்லோர் மனதிலும் இருந்தபடியால், பஸ் தரிப்பில் நிற்கிற வெள்ளைக்காரக் கிழவர்கூட "நீயும் அந்தப் படகிலா வந்தாய்?" என்று கேட்பார். விமானத்தில் வந்தேன் என்று சொன்னால் அவருக்குச் சப்பென்று போய்விடும்.

ஊரில் சுன்னாகப் பக்கத்து அச்சகம் ஒன்றில் எழுத்துக் கோக்கப் பழகியிருந்தேன். ஈய எழுத்தைத் தலைகீழாக வாசிக்கத் தெரிந்தவன் என்பது மட்டும்தான் நான் கனடாவுக்குக் கொண்டுவந்த தகைமை. எனக்குத் தொழில் பழக்கிய பெரியவர், மானிப்பாயில் அமெரிக்க மிசன் 1834 இல் அச்சகம் போட்டதையும், நாவலர் 1849 இல் வண்ணார்பண்ணையில் அச்சகம் நிறுவியதையும் நேற்று நடந்த விசயம் மாதிரிச் சொல்லுவார். "எங்கட ஊரில தேங்காயும் புகையிலையும் மாதிரித்தான் அச்சும்" என்பார். ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள், உடுப்புத் தோய்க்கிற கடைக்கும் டோனட் கடைக்கும் நடுவில், தமிழர் ஒருவர் அச்சுக்கடை திறந்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனபோது அந்த ஒரு தகைமையைத்தான் சொன்னேன். முதலாளி அண்ணை சிரித்தார். "இஞ்ச ஈயமும் இல்லை, எழுத்தும் இல்லை. நாளைக்கு வாரும்" என்றார்.

கடையில் சின்ன ஒப்செற் மெசின் ஒன்று, கீழிருந்து வெளிச்சம் அடிக்கிற கண்ணாடி மேசை ஒன்று, தாள் வெட்டுகிற பெரிய கத்தி ஒன்று, ஒரு போட்டோக் கொப்பி மெசின். மையும், மை கழுவுகிற திரவமும், ஒட்டுகிற றப்பர் சிமெந்தும் கலந்த மணம் சேட்டில் ஏறினால் இரண்டு தோய்ச்சலுக்கும் போகாது. இங்கிலிஷ் எழுத்துக்குத் தாளிலிருந்து உரசி ஒட்டுகிற லெற்றாசெற் இருந்தது. தமிழுக்கு அப்படி ஒன்றும் இல்லை. தட்டச்சில் அடித்து, அதைக் கொப்பி மெசினில் பெருப்பித்து, கரை பிசிறுவதைக் கறுப்புப் பேனையால் திருத்தி, வெட்டி ஒட்டுவோம். தலைப்பு எழுத்து அழகாக வேண்டுமென்றால் கையெழுத்து நல்ல ஒருவரைத் தேடிப் பிடித்து எழுதுவிப்போம். தமிழ்த் தட்டச்சுப் பொறியின் எழுத்து வரிசையை ஒழுங்கு செய்தவர் ஆர். முத்தையா. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா பக்கம் போய் உழைத்தவர். எங்களைப் போல அவரும் கடல் தாண்டியவர்தான் என்று அண்ணை அடிக்கடி சொல்லுவார்.

"காட் அடிக்க வேணும்" என்று வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு அப்போது தொழில் தொடங்கியிருக்காது. ஒருவர் டவுன்டவுன் உணவகம் ஒன்றில் இரவு முழுக்கக் கோப்பை கழுவுகிறவர். காலை எட்டு மணிக்கு, தூங்காத கண்ணோடு வந்து நின்றார். வீடுகளுக்குப் பெயின்ற் அடிக்கிற கொம்பனி தொடங்கப் போகிறாராம். தூரிகை வாங்கியாயிற்றா என்று அண்ணை கேட்டார். "முதல்ல காட்டை அடியுங்கோ அண்ணை. சனம் கேட்டால் குடுக்க வேணுமே" என்றார். பெயருக்குக் கீழே 'உரிமையாளர்' என்று போடச் சொன்னார். பெட்டி வந்த அன்று முதல் காட்டை எடுத்து, முன்னும் பின்னும் பார்த்து, சேட்டுப் பைக்குள் வைத்தார். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வராமல், வேலை அனுமதிப் பத்திரத்தைத் தவிர வேறு கடதாசி இல்லாமல் இருந்த மனிதனுக்கு, தன் பெயருக்குப் பக்கத்தில் தான் விரும்பிய சொல்லைப் போட்டுக்கொள்ள இந்த நாட்டில் கிடைத்த முதல் இடம் அந்த மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குல மட்டைதான். இது அப்போது எனக்கு விளங்கவில்லை. ஆயிரம் காட்டை எப்போது கொடுத்து முடிப்பார் என்றுதான் யோசித்தேன்.

பெரிய சண்டை வெறும் இடத்தைப் பற்றியது. டிசைன் படிப்பிக்கிற புத்தகம் எல்லாம் எழுத்தைச் சுற்றி இடம் விடு, கண் ஆறட்டும் என்று சொல்லும். அப்படி ஒழுங்காகச் செய்து காட்டினால், வந்தவர் காட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

"இதில வெறுமையாக் கிடக்கு."

"அது அப்பிடித்தான் அண்ணை, வடிவுக்கு."

"காசு முழுக் காட்டுக்கும்தானே தம்பி?"

அதற்குப் பிறகு பேச்சில்லை. மேலே பிள்ளையார் ஏறுவார். இடது மூலையில் முகம். வலது மூலையில் கனடாவின் மேப்பிள் இலை. கீழே 'தமிழில் உரையாடலாம்' என்ற வரி. இன்னும் இடமிருந்தால் வீட்டு நம்பர், கடை நம்பர், பேஜர் நம்பர். கடைக்குப் பெயர் வைக்கிற விசயத்திலும் அப்படித்தான். ஊர்ப் பெயர், கோயில் பெயர், மகளின் பெயர் மூன்றில் ஒன்று நிச்சயம். பொருள் விற்கிற கடைக்கு ஊர்ப் பெயர் எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். பலசரக்குக் கடை திறக்க வந்த அம்மா என்னைப் பாவம்போலப் பார்த்தார். "எங்கட ஊர் ஆக்கள் தேடி வருவினம். மற்ற ஊர் ஆக்கள் எங்கட ஊர் ஆக்களிட்டைக் கேட்டுப்போட்டு வருவினம்." பின்னாளில் 'பிராண்டிங்' என்று பெரிய பெரிய நிறுவனங்கள் காசு வாங்கிச் சொல்லிக் கொடுக்கிற பாடத்தை அந்த அம்மா ஒரு மூச்சில் சொல்லி முடித்துவிட்டார்.

முகம் போடுகிற வழக்கமும் அப்படி நம்பிக்கையிலிருந்து வந்ததுதான். வீடு விற்பனை முகவர், காப்புறுதி முகவர், சட்டத்தரணி, வாகனம் பழக்குகிறவர் என்று எல்லோரும் முகத்தோடுதான் வருவார்கள். காட்டில் தொடங்கிய முகம் பிறகு நாட்காட்டிக்குப் போயிற்று. அங்கிருந்து குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டுகிற காந்தத்துக்கு, பஸ் தரிப்பு வாங்கிலுக்கு, பலசரக்குக் கடைப் பைக்கு. 'தமிழர் மத்தியில்' போன்ற தடித்த வணிகக் கையேடுகளை விரித்தால் பக்கத்துக்குப் பக்கம் கோட்டும் ரையும் கட்டிய முகங்கள். 1991 இல் கனடியத் தமிழர் வர்த்தக சம்மேளனம் தொடங்கிய பிறகு விருது இரவு, மலர், மலருக்கு விளம்பரம் என்று வேலை கூடியது. அதே முகம், அதே ரை. நெகட்டிவை அண்ணை எறிய விடமாட்டார்.

கொம்பியூட்டர் வந்தபோது கடைக்குள் ஈழத்துத் தமிழோடு ஒட்டாவாவும் சேர்ந்து வந்தது. பேஜ்மேக்கர் அமெரிக்கச் சரக்கு. ஆனால் எங்கள் அச்சுக்காரர் எல்லோரும் காதலித்த கோரல்ட்ரோ, 1989 இல் இங்கே ஒட்டாவாவிலிருந்து கோரல் நிறுவனம் வெளியிட்டது. யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருக்கிற அச்சகக்காரர் கனடாவைப் பற்றி வேறொன்றும் அறியாவிட்டாலும் கோரலை அறிவார்கள். எழுத்துக்குப் பாமினி. அதன் விசை வரிசை பழைய தமிழ்த் தட்டச்சையே பெரும்பாலும் ஒட்டியது என்பதால் என் விரல்கள் ஒரே கிழமையில் பழகிவிட்டன. பாமினி உண்மையில் இங்கிலிஷ் எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திய ஏற்பாடு. அந்த எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் கோப்பைத் திறந்தால் போர்வை விலகிவிடும். 'அம்மா' இருக்க வேண்டிய இடத்தில் எம், கே, ஒரு அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கும்.

இது எவ்வளவு ஆபத்து என்று ஒரு பூப்புனித நீராட்டு விழா அழைப்பிதழ் காட்டித் தந்தது. வெளியே கொடுத்து அடிப்பித்த வேலை. கொடுத்த இடத்தில் ஒருவருக்கும் தமிழ் தெரியாது, பாமினியும் இல்லை. பெட்டியைத் திறந்தால் பொன்நிற ஓரத்துக்குள், மயில் படத்துக்குக் கீழே, ஐந்நூறு அட்டையிலும் அரைப்புள்ளியும் சதுர அடைப்பும் வரிசையாக நிற்கின்றன. நேர்த்தியாக, நடுவில் அமைத்து, பிசகில்லாமல் அடித்திருந்தார்கள். பெண்ணின் தகப்பன் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இது என்ன, தெலுங்கா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எந்த எழுத்தையும் கோடாக மாற்றாமல் கடைக்கு வெளியே அனுப்பக் கூடாது என்பது அண்ணையின் சட்டமாயிற்று.

கடைக்கு மிகப் பெரிய வருமானம் தந்தவர் தமிழரே அல்ல, தொலைபேசிக்காரர். அதுவரை ரொறன்ரோவுக்கும் சுற்றுப்புறத்துக்கும் ஒரே குறியீடு, 416. 1993 ஒக்டோபரில் அதைப் பிரித்தார்கள். ஸ்ரீல்ஸ் தெருவுக்கு வடக்கே மார்க்கம், மேற்கே மிசிசாகா, பிரம்டன், கிழக்கே பிக்கரிங், ஏஜக்ஸ் எல்லாம் 905 ஆயிற்று. ஒரு இரவில் அந்தப் பக்கத்துக் கடைக்காரர் அத்தனை பேரின் காட்டும், பில் புத்தகமும், கடிதத் தலைப்பும், வாகனக் கதவும் பழசாகிவிட்டன. வரிசையில் நின்று அடித்தார்கள். மெசின் இரவும் ஓடியது. மிச்சக் காட்டை எறிய மனமில்லாத ஒருவர், பழைய குறியீட்டைப் பேனையால் வெட்டி மேலே 905 என்று ஒவ்வொன்றிலும் எழுதிக்கொண்டு எங்கள் கடை வாங்கிலிலேயே இருந்தார். முன்னூறு காட் வரை எழுதினார். கை உளைந்தபின் எழும்பி வந்து, புதுசாய் அடிக்க எவ்வளவு என்று கேட்டார்.

1998 இல் ஸ்காபரோ மாநகரம் ரொறன்ரோவோடு சேர்க்கப்பட்டபோதும் அப்படி ஒரு அறுவடை வரும் என்று அண்ணை தாள் வாங்கி அடுக்கினார். வரவில்லை. எங்கள் சனம் ஒருவரும் விலாசத்தில் ஸ்காபரோவை மாற்றவில்லை, இன்றுவரைக்கும்தான். 2001 இல் 647 வந்து, பக்கத்து வீட்டுக்கே பத்து இலக்கம் அடிக்க வேண்டும் என்றானபோதுதான் அந்தத் தாள் செலவாயிற்று. அப்போதும் 647 எண் கிடைத்தவர்கள் முகம் சுளித்தார்கள். 416 வைத்திருப்பவன் முதலில் வந்தவன், காலூன்றியவன் என்று ஒரு எண்ணம்.

மார்கழி மாதம் முழுக்க நாட்காட்டி. பலசரக்குக் கடையில் அரிசி வாங்கினால் ஒன்று, நகைக்கடையில் ஒன்று, முகவர் வீட்டுக்கே கொண்டு வந்து தருவது ஒன்று. தைப்பொங்கலும், நல்லூர்க் கொடியேற்றமும், விக்டோரியா தினமும், ஒக்டோபர் இரண்டாவது திங்கள் வருகிற நன்றி நவிலல் நாளும் ஒரே தாளில் இருக்க வேண்டும். வில்லங்கம் இராகுகாலம். ஊரில் திங்கட்கிழமை 7.30 முதல் 9 மணி வரை என்று குழந்தைக்கும் தெரியும். அந்தக் கணக்கு காலை ஆறுக்கு விடிந்து மாலை ஆறுக்கு இருளுகிற நாட்டுக்கு உரியது. பகலை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒன்றரை மணி. ரொறன்ரோவில் டிசம்பர் கடைசியில் சூரியன் எழும்பவே 7.50 ஆகிறது. பகல் ஒன்பது மணி நேரம்கூட இல்லை, எட்டில் ஒரு பங்கு ஒரு மணியும் ஏழு நிமிடமும்தான். ஜூன் கடைசியில் அதே பங்கு இரண்டு மணிக்குக் கிட்ட வருகிறது. அதற்கு மேலே கோடையில் மணிக்கூட்டை ஒரு மணி முன்னுக்குத் தள்ளுகிறார்கள். சில கடைக்காரர் ஐயரிடம் ரொறன்ரோ நேரத்துக்குக் கணித்து வாங்கி வருவார்கள். சிலர் ஊர் நேரத்தையே போடச் சொல்லுவார்கள். "சூரியன் எழும்ப முன்னம் இராகுகாலம் எப்பிடி அண்ணை தொடங்கும்?" என்று கேட்டால், "சனம் பழகின நேரத்தைப் போடும் தம்பி. மாத்தினால் என்ர கலண்டர் பிழை எண்டு மற்றக் கடைக்குப் போவினம்" என்பார்கள்.

எல்லா வேலையிலும் கடினமானது கல்வெட்டு. இறந்தவரின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்கிற சிறு நூல். முதலில் படம், பிறகு சிவபுராணம், தேவாரம், வாழ்க்கை வரலாறு, குடும்ப விருட்சம், நன்றி நவிலல். பிந்தி அடிக்க முடியாது, பிழையாகவும் அடிக்க முடியாது. ஊரிலிருந்து வந்த படம் அடையாள அட்டை அளவில், மூலை மடங்கி இருக்கும். சேலைக் கரை தெரியாது, காதில் தோடு இல்லை. "அம்மாவுக்குத் தோடு போட்டு விடுங்கோ, அவ தோடில்லாமல் வெளிக்கிடமாட்டா" என்பார் மகன். போட்டோஷொப்பில் தோடு போட்டு, நெற்றியில் திருநீறு பூசி, பின்னால் நீல வானம் வைப்போம்.

அதைவிடப் பெரிய வேலை பெயர் வரிசை. எந்த மருமகன் முன்னுக்கு, யாரோடு கதை இல்லை, யாரின் பெயரை விட்டால் கிரியைக்கே வரமாட்டார்கள் என்பதெல்லாம் புரூவ் பார்க்கிற மேசையில் வெளிவரும். இராத்திரி பதினொரு மணிக்கு லண்டனுக்கும் பாரிசுக்கும் போன் போட்டு, ஒவ்வொரு பெயராக எழுத்துக் கூட்டிச் சரிபார்ப்பார்கள். ஒருமுறை இங்கே வளர்ந்த பேரன் ஒருவன் தாயோடு வந்திருந்தான். தமிழ் வாசிக்கத் தெரியாது. அப்பம்மாவின் வாழ்க்கை வரலாற்றைத் தாய் வாசிக்க, அவன் பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தான். அவர் இருபது வருடம் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்தவர் என்பது அவனுக்கு அந்த மேசையில்தான் தெரியவந்தது. "அவ எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை" என்றான். "நீ கேட்டனியே?" என்றாள் தாய்.

கோப்பை கழுவி, பெயின்ற் கொம்பனி தொடங்கியவரின் கல்வெட்டும் எங்கள் கடையில்தான் அடித்தது. ஆயிரம் காட்டும் எப்போதோ முடிந்து, இரண்டாவது, மூன்றாவது பெட்டி அடித்து, வேலையாட்கள் வைத்து, வான் வாங்கி, அஜின்கோர்ட் பக்கம் வீடு வாங்கியவர். வாழ்க்கை வரலாறு எழுதிக்கொண்டு வந்த மூத்த மகள், முதல் பக்கத்தில் கொம்பனியின் பெயரையும் 'உரிமையாளர்' என்ற சொல்லையும் போட்டிருந்தாள். அவரின் முதல் காட்டை அண்ணை மாதிரிப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருந்தார். அதை எடுத்துக் காட்டினோம். அவள் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் போடச் சொன்னாள். பிள்ளையார், முகம், இலை, மூன்று நம்பர் என்று இடமே இல்லாமல் அடைத்த அந்தக் காட்டை அப்படியே போட்டோம். ஒரு புள்ளியும் திருத்தவில்லை.

2009 வசந்தம் வேறு மாதிரி. ஊரில் போர் அதன் கடைசிக் கட்டத்தில் இருந்த காலம். அந்தக் கிழமைகளில் கலியாண அட்டையும் காட்டும் ஒதுங்கி நின்றன. பல்கலைக்கழக அவென்யூவிலும், மே 10 ஆம் திகதி கார்டினர் விரைவுச்சாலையிலும் சனம் இறங்கியபோது தூக்கிய அட்டைகளில் எங்கள் மெசினில் அடித்தவையும் இருந்தன. அவற்றில் தமிழ் இல்லை. மற்றவனுக்கு விளங்க வேண்டும் என்பதால் எல்லாம் இங்கிலிஷில், பெரிய எழுத்தில், சுற்றி நிறைய வெறும் இடம் விட்டு. ஒருவரும் "வெறுமையாக் கிடக்கு" என்று சொல்லவில்லை.

பிறகு தொழிலே மாறிப்போயிற்று. முன்பு நாலு வண்ணக் காட்டுக்கு நாலு பிளேற், நாலு பிளேற்றுக்கும் தனிக்காசு. அதனால்தான் அந்தக் காலத்துக் காட்டுகள் கறுப்பும் சிவப்புமாக இருந்தன. இப்போது ஒரே பெரிய தாளில் முன்பின் தெரியாத இருபது முப்பது பேரின் காட்டைப் பக்கம் பக்கமாக அடுக்கி ஒரே ஓட்டத்தில் அடித்து வெட்டுகிறார்கள். ஆயிரம் வண்ணக் காட் ஒரு குடும்பம் தோசைக்கடையில் சாப்பிடுகிற காசுக்கு வந்துவிடுகிறது. டிசைன் யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை இரவோடு இரவாகச் செய்து வட்ஸ்அப்பில் அனுப்புகிறது. கலியாண அட்டை போனுக்கு வருகிறது, மரண அறிவித்தல் இணையத்தில். கொரோனா வந்த வருடம் உணவகங்கள் மெனு அட்டையை எடுத்துவிட்டு மேசையில் அந்தக் கறுப்பு வெள்ளைச் சதுரத்தை ஒட்டின. அண்ணை ஓய்வெடுத்துவிட்டார். நான் இன்னும் இடைக்கிடை, அவரின் மருமகன் நடத்துகிற கடையில், கல்வெட்டுப் புரூவ் பார்க்கப் போகிறேன்.

அண்மையில் அப்படிப் போயிருந்தபோது தாயும் மகளும் வந்தார்கள். மகள் டிசைன் கல்லூரியில் படித்தவள். தாய் வீட்டில் செய்கிற பயித்தம் பணியாரமும் முறுக்கும் அரியதரமும் விற்கத் தொடங்கியிருக்கிறார்கள். மகள் தானே வரைந்த காட்டை மடிக்கணினியில் காட்டினாள். வெள்ளை மட்டை, நடுவில் 'ப' என்ற ஒரே ஒரு எழுத்து, பனையோலைப் பச்சையில். வேறு ஒன்றுமில்லை. உண்மையிலேயே வடிவாக இருந்தது. அந்த எழுத்தின் வடிவத்தை ஈயத்தில் தொட்டுப் பழகியவன் நான். இவள் அதைப் படித்துத்தான் வரைந்திருக்கிறாள் என்று தெரிந்தது. தாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதில ஒண்டும் இல்லையேடி."

"அம்மா, அதுதான் டிசைன்."

"ஆர் செய்த பணியாரம் எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும்? எந்த ஊர் எண்டாவது போட வேணாமே?"

மகள் என்னைப் பார்த்தாள், தாயும் என்னைப் பார்த்தார். முப்பது வருடத்துக்கு முதல் என்றால் காசு கொடுக்கிறவர் பக்கம் சாய்ந்திருப்பேன். டிசைன் புத்தகமும் சரி, அந்தப் பலசரக்குக் கடை அம்மாவும் சரி என்று இப்போது தெரிகிறபடியால், மகளின் காட்டில் கை வைக்க வேண்டாம், பின்பக்கம் சும்மாதான் கிடக்கிறது என்றேன்.

தாய் உடனே கேட்டார்: "ரெண்டு பக்கமும் அடிச்சா எவ்வளவு கூட?"

அந்தக் காலத்தில் பின்பக்கம் என்றால் இன்னொரு பிளேற், இன்னொரு ஓட்டம், மை காய இன்னொரு நாள். இப்போது சில டொலர்தான் வித்தியாசம். சொன்னேன்.

"அப்ப பின்பக்கம் எனக்கு" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எழுதுங்கோ தம்பி. முதல்ல ஊர்."